கடலில் கிடந்த 19 வருடத்துக்கு என்ன சாட்சி?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். வயது 37. பதினெட்டு வயதில் தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) ஏறினேன். 11 வருடமாக ஸ்ராங்கு, அதாவது படகுக்குத் தலைவன். கொச்சியில் இருந்து 22 மீட்டர் தூண்டில் படகு ஓட்டுகிறேன். படிப்பு எட்டாம் வகுப்புதான். இப்போது பங்காளிகள் சேர்ந்து 24 மீட்டருக்கு மேல் நீளமான படகு எடுக்கப் பேசுகிறார்கள். இந்த நேரத்தில் ஒரு ஏஜென்ட் வந்து, "உலகத் தொழிலாளர் சட்டப்படி சர்டிபிகேட் இல்லாதவர் இனி படகு ஓட்ட முடியாது. 1,60,000 ரூபாய் கொடுங்கள், ஐ.எல்.ஓ. ஸ்கிப்பர் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன். அதை வைத்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகலாம்" என்கிறார். 10,000 ரூபாய் அட்வான்ஸும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். மீதிப் பணம் கட்டலாமா? என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், அவனை இந்த வழியில் விடலாமா?

பதில்: கட்டாதீர்கள், தம்பி. இன்றைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். அட்வான்ஸ் வந்தால் நல்லது, வராவிட்டாலும் பாஸ்போர்ட் வந்தாக வேண்டும். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கடவுச்சீட்டு அரசாங்கத்தின் சொத்து. அதைப் பணத்துக்கு அடமானமாகப் பிடித்து வைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. இந்த வேலையை முடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஐ.எல்.ஓ. சர்டிபிகேட் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைத்தான் ஐ.எல்.ஓ. என்பார்கள். அது எந்தத் தனி மனிதருக்கும் தேர்வு வைப்பதில்லை, சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. "உங்கள் நாட்டுப் படகுகளுக்கு இப்படிச் சட்டம் போடுங்கள்" என்று அது பேசுவது அரசாங்கங்களிடம். ஐ.எல்.ஓ. கொண்டுவரும் உடன்படிக்கையை ஒரு நாடு ஏற்று, சொந்தச் சட்டம் போட்டு, தேர்வு நடத்தி, தன் முத்திரையைக் குத்திக் கொடுப்பதுதான் தகுதிச் சான்றிதழ். படகு எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு ஒப்புக்கொண்டால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

அந்த ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 1966-ல் ஐ.எல்.ஓ. மீனவர் தகுதிச் சான்றிதழ்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. எண் 125. மூன்று பொறுப்புகளை மட்டும் அது பேசுகிறது: ஸ்கிப்பர், மேட், இன்ஜினியர். உங்கள் பாஷையில் ஸ்ராங்கு, இரண்டாம் ஸ்ராங்கு, இன்ஜின் பார்க்கும் டிரைவர். 25 டன்னுக்குக் குறைந்த படகுகளை அது தொடுவதில்லை. இங்கே ஒரு குழப்பம் வரும். துறைமுகத்தில் நாம் டன் என்றால் ஐஸும் மீனும் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு. உடன்படிக்கை சொல்லும் டன் எடைக் கணக்கே இல்லை, படகின் உள் அளவு. 100 கன அடி சேர்ந்தால் ஒரு டன். அந்தக் கணக்கில் உங்கள் 22 மீட்டர் படகு 25-ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

அது கேட்கும் தகுதியையும் பார்த்துவிடுவோம். ஸ்கிப்பருக்குக் குறைந்தது 20 வயது, மேட்டுக்கு 19, இன்ஜினியருக்கு 20. கரையோரத் தொழிலுக்கு 18 வரை இறக்கிக்கொள்ளலாம். மேட் ஆக வேண்டுமானால் படகின் மேல்தளத்தில் (டெக்) 3 வருடக் கடல் சேவை, ஸ்கிப்பர் ஆக 4 வருடம். அங்கீகரித்த பயிற்சி முடித்தவருக்கு அந்தப் பயிற்சிக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் 12 மாதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. பள்ளிக்கூடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடலில் கிடந்த காலத்துக்கு ஈடாகாது என்று 1966-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த உடன்படிக்கையில் பிடித்த வரி அதுதான்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது வேறொரு பிரிவு. ஒரு நாடு இதற்காகச் சட்டம் கொண்டுவந்தால், முதல் 3 வருடத்துக்கு, தேர்வு எழுதாதவருக்கும் சான்றிதழ் கொடுக்கலாம். நிபந்தனை இரண்டே இரண்டு. அந்தப் பொறுப்பில் உண்மையாகவே போதிய அனுபவம் இருக்க வேண்டும், பெரிய தொழில்நுட்பத் தவறு செய்ததாக அவர் பெயரில் பதிவு இருக்கக் கூடாது. உங்களைப் போன்ற ஸ்ராங்குகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தே வைத்த வாசல் அது. ஆனால் 125-ஐ ஏற்ற நாடுகள் மொத்தத்தில் சுமார் பத்துதான், இந்தியா அதில் இல்லை. ஆகவே அந்த வாசல் இங்கே திறக்கவில்லை. ஏஜென்ட் அதைத் தன் பையில் வைத்திருப்பது போலப் பேசினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பிறகு 2007-ல் மீன்பிடித் தொழிலுக்கான 188-ம் உடன்படிக்கை வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய நான்கு மீனவர் உடன்படிக்கைகளை அது திருத்தி எழுதியது, ஆனால் 125-ஐத் தொடவில்லை. படகு தகுதியான ஸ்கிப்பரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தகுதியை எப்படி அளப்பது என்பதைக் கப்பல் விஷயங்களைப் பார்க்கும் இன்னொரு ஐ.நா. அமைப்பான ஐ.எம்.ஓ. தனி ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. பெயர் எஸ்.டி.சி.டபிள்யூ.-எஃப். 1995-ல் எழுதி, 2012-ல் நடைமுறைக்கு வந்து, 2024-ல் முழுதாகத் திருத்தி, அந்தத் திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் அமலானது. நீங்கள் சொன்ன 24 மீட்டர் என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது: ஸ்கிப்பருக்கும் தளத்து அதிகாரிகளுக்கும் 24 மீட்டருக்கு மேல், இன்ஜின் அதிகாரிகளுக்கு 750 கிலோவாட்டுக்கு மேல்.

கடைசியில் இருக்கிற அந்த ஒற்றை எஃப் எழுத்தைக் கவனியுங்கள். எஃப் இல்லாத எஸ்.டி.சி.டபிள்யூ. சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் மாலுமிகளுக்கானது. ஏஜென்டுகள் பெரும்பாலும் விற்பது அதைத்தான். ஒரு வாரம், பத்து நாள் வகுப்பு வைத்து, உயிர் தப்பும் பயிற்சி, தீயணைப்பு, முதலுதவி என்று நாலைந்து காகிதம் கையில் கொடுப்பார்கள். கப்பல்துறை இயக்குநரகம் அங்கீகரித்த இடத்தில் படித்திருந்தால் அது நல்ல பயிற்சிதான், உயிரைக் காக்கும். ஆனால் அது உங்களை ஸ்கிப்பர் ஆக்காது. அதே போல 'எம்.எல்.சி. சர்டிபிகேட்' என்று ஒருவர் சொன்னால், 2006-ன் அந்தக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

இந்தியா 188-ஐ ஏற்கவில்லையே, நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்குள் போனால் அந்த நாடு உங்கள் படகைச் சோதிக்கலாம். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தைவான் கொடியில் வந்த தூண்டில் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்தார்கள். 188-ன் கீழ் பிடிபட்ட முதல் மீன்பிடிக் கப்பல் அது. தைவான் ஐ.எல்.ஓ.வில் உறுப்பினரே இல்லை, இருந்தும் தப்ப முடியவில்லை. தூத்தூர் படகுகள் இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்ட கதைகள் எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறு குற்றச்சாட்டுதான், ஆனால் அங்கேயும் முதல் கேள்வி "இந்தப் படகுக்குப் பொறுப்பு யார்?" என்பதுதான்.

சரி, உள்நாட்டு விஷயத்துக்கு வருவோம். மீன்பிடிப் படகுகளுக்கான ஸ்கிப்பர், மேட், இன்ஜினியர், இன்ஜின் டிரைவர் சான்றிதழ்கள் இந்தியாவிலும் உண்டு, ரொம்ப காலமாகவே உண்டு. தேர்வை நடத்துவது கப்பல்துறை இயக்குநரகத்தின் கீழ் உள்ள மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட், எல்லாரும் எம்.எம்.டி. என்பார்கள். கொச்சியிலேயே அலுவலகம் இருக்கிறது. 1958-ன் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டதால், ஊரில் யாரோ பத்து வருடத்துக்கு முன்னால் எழுதிய தேர்வின் விதிகளை அப்படியே நம்பாதீர்கள். 24 மீட்டருக்கு மேல் படகு எடுக்கும் முன், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு என்று சொல்கிறேன், எம்.எம்.டி.க்கு எழுத்தில் கேளுங்கள்: இந்த நீளம், இந்தக் குதிரைத் திறன், இத்தனை மைல் தூரத்தில் தொழில், எந்தெந்தச் சான்றிதழ் உள்ள ஆட்கள் படகில் இருக்க வேண்டும், என் அனுபவத்தில் நான் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பதிலும் எழுத்தில் வர வேண்டும். கவுன்டரில் வாயால் கேட்டு வந்த பதிலை வைத்துப் பல கோடி ரூபாய்ப் படகுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்களா? பாதி உங்களுக்குத் தெரியும். பல வருடம் மீன்வளப் பயிற்சி வகுப்புகளில் ஸ்ராங்குகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். கரை அடையாளங்களை வைத்துக் கணிச்சம் போட்டு, கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிக்கிறவருக்கு, இரண்டு கரை அடையாளங்களைத் திசைகாட்டியில் பார்த்து வரைபடத்தில் கோடு இழுப்பதைச் சொல்லித்தர ஒரு காலைப் பொழுது போதும். இரண்டும் ஒரே வித்தை. நீரோட்டம், காற்று, அலை, படகைத் திருப்புவது இதிலெல்லாம் எனக்குத்தான் நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இடறும் இடம் வேறு. கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகள். 125 இதைப் பெயர் சொல்லியே கேட்கிறது. இரவில் மடி (இழுவலை) இழுக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்குப் போட வேண்டும். தூண்டில், செவுள்வலை போன்ற மற்ற தொழில் என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலையோ கயிறோ 150 மீட்டருக்கு மேல் விலகிக் கிடந்தால் அது கிடக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை. நீங்கள் கிலோமீட்டர் கணக்கில் கயிறு விடுகிறவர், ஆகவே மூன்றாவது விளக்கு உங்களுக்குக் கட்டாயம். இதை நான் எந்த வகுப்பில் கேட்டாலும் முதல் இரண்டைச் சொல்வார்கள், மூன்றாவதில் அமைதி.

அதை விடப் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: "கப்பல்காரன்தான் விலக வேண்டும்." தொழில் செய்துகொண்டிருக்கும் படகுக்கு, அதன் வலையோ கயிறோ அதைத் திரும்ப விடாமல் கட்டிப்போட்டிருக்கும் நேரத்தில், கப்பல் விலக வேண்டும் என்பது உண்மை. ஆனால் கயிறை ஏற்றிவிட்டுக் கொச்சியை நோக்கி ஓடும்போது நீங்கள் சாதாரண இயந்திரக் கலம்தான். அந்தச் சலுகை கிடையாது, சிவப்பு வெள்ளை விளக்கையும் அணைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே இழுக்கும் சின்னத் தூண்டில் கயிறுகூட இந்த விதிப்படி 'மீன்பிடிப்பு' ஆகாது. சூரைக்கு இழுவைத் தூண்டில் போடுகிறவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, இரவில் படகைக் காற்றில் விட்டுவிட்டு எல்லாரும் படுத்துவிடுவது. எந்த விதியிலும் இதற்கு இடமில்லை. ஒருவர் கண் விழித்தே இருக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே, கரையில் இருந்து சுமார் 43 கடல் மைலில், பேப்பூர் படகு ஒன்றும் சிங்கப்பூர் கொடிக் கப்பல் ஒன்றும் நள்ளிரவு தாண்டி மோதிக்கொண்டன. படகில் 14 பேர். பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் மேற்கு வங்கம். உயிரோடு திரும்பியவர்கள் சிலர்தான். அந்தக் கடலில் நீங்களும் போய் வருகிறீர்கள். சான்றிதழ் என்ற காகிதம் போலீஸுக்கும் கோஸ்ட் கார்டுக்கும் காட்ட மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரவுதான் ஞாபகம் வரும்.

மற்றொரு விஷயம் கண். தேர்வுக்கு ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் நல்ல கண் மருத்துவரிடம் நிறக்குருடு இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர் மேற்கொண்டு எதைப் படித்தும் பயனில்லை. வருடங்கள் உழைத்துப் படித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் அதைத் தெரிந்துகொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 19 வருடம் கடலில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காகிதம் எங்கே? கம்பெனி இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, பங்கு முறை. நாலைந்து படகு மாறியிருப்பீர்கள், ஒரு முதலாளி படகை விற்றிருப்பார், ஒருவர் இறந்திருப்பார். உலகத்தின் எந்தச் சட்டமும் முதலில் கேட்பது கடல் சேவைக் கணக்கைத்தான். 125-ம் அதைத்தான் கேட்கிறது, எஸ்.டி.சி.டபிள்யூ.-எஃப்பும் அதைத்தான் கேட்கிறது. 1995-ல் எழுதிய வடிவில் பார்த்தால் 12 மீட்டருக்கு மேலான படகில் இருந்த நாட்கள் கணக்கில் சேரும், ஆகவே உங்கள் இப்போதைய படகு தாராளமாகப் போதும். திறமையில் உங்களுக்குக் குறையில்லை, கணக்கு எழுதி வைக்காததுதான் குறை.

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு பக்கம். எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதி கிளம்பினீர்கள், எந்தத் தேதி வந்தீர்கள், படகின் பதிவு எண், நீளம், டன், குதிரைத் திறன், என்ன தொழில், நீங்கள் என்ன பொறுப்பு, எத்தனை பேர். அடியில் படகு உரிமையாளர் கையெழுத்தும் தேதியும். மாதக் கடைசியில் துறைமுகச் சங்கத்தின் முத்திரை கிடைத்தால் இன்னும் நல்லது. கிளம்பும்போது வாங்கும் டோக்கன், டீசல் பில், ஐஸ் பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள், அந்தந்தப் பக்கத்தில் குத்தி வையுங்கள். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியின் பாதைப் பதிவை அழியும் முன் நகல் எடுங்கள்.

பழைய வருடங்களுக்கு? தேடித்தான் ஆக வேண்டும். மீன்துறை அடையாள அட்டை, தடைக்கால நிவாரணம் வாங்கிய வங்கிப் பாஸ்புக் வரிகள், காப்பீட்டுச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பதிவேடு, விற்ற மீனுக்குத் தரகர் எழுதிய கணக்கு. உயிரோடு இருக்கும் பழைய முதலாளிகளிடம், "இந்த எண் படகில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை, இன்ன பொறுப்பில் இருந்தார்" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "பல வருடம் நன்றாக வேலை செய்தார்" என்று எழுதிக் கொடுத்தால் அன்போடு திருப்பிக் கொடுத்துவிட்டு, தேதி போட்டு வாங்குங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடல் தடைக்காலம்தானே, அந்த இரண்டு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். இல்லாத நாட்களை மட்டும் சேர்க்காதீர்கள். கணக்கில் ஒரு பொய்த் தேதி பிடிபட்டால் மொத்த நோட்டும் போகும்.

வளைகுடா, ஐரோப்பா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடிக்காததால் உங்கள் பாஸ்போர்ட் அநேகமாக இ.சி.ஆர். வகையாக, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையாக இருக்கும். சவுதி, பஹ்ரைன், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஏஜென்டின் உரிமம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 1,60,000 எங்கே, அது எங்கே. 188-ம் உடன்படிக்கையோ, வேலைக்கு எடுப்பதற்காக மீனவரிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்கிறது. உலகத் தொழிலாளர் சட்டத்தின் பெயரைச் சொல்லியே உங்களிடம் பணம் கேட்கிறார் என்பதுதான் வேடிக்கை. ஐரோப்பியப் படகில் ஸ்கிப்பர் இருக்கை அந்தந்த நாட்டுச் சான்றிதழ் உள்ளவருக்கு. உங்களை எடுத்தாலும் தளத்து ஆளாகத்தான் எடுப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, ஸ்கிப்பர் என்று நம்பிப் போய் இறங்குவது வேறு.

உங்கள் மகனுக்கு வழி நேராக இருக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1963 முதல் நடக்கும் மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டுக்குச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. படகு ஓட்டும் பக்கம் ஒரு படிப்பு, இன்ஜின் பக்கம் ஒரு படிப்பு, இரண்டும் இரண்டிரண்டு வருடம். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் பார்ப்பார்கள், வயது வரம்பும் உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா, ஆசை இருக்கிறதா என்று முதலில் அவனிடமே கேளுங்கள். ஆசை இல்லையென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், கரையிலும் நல்ல வேலைகள் இருக்கின்றன.

எம்.எம்.டி.யிடமிருந்து பதில் வந்ததும் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தில் கடல் நாட்களைக் கூட்டி எழுதும் கட்டத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். துறைமுகத்தில் நின்ற நாட்களையும் சேர்த்துவிடுவார்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.